சாமானுக்கு ஓர் அறை!

பட்டிமன்றத் தலைப்பு: இன்றைய வீடுகளில் இடம் போதாமைக்குப் பெரிதும் காரணம், வீடு சிறுத்ததா? ஆசை பெருத்ததா?

(‘ஆசை பெருத்ததே!’ என்ற அணியில் பேசியது)

தமிழ்ச் சுவை அறிந்த நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரே உட்கார்ந்து, ‘வீடு சிறுத்துப் போச்சு, வீடு சிறுத்துப் போச்சு’ என்று ஒப்பாரி வைத்துவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) காரைக்கால் மண்ணின் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே சோபாவுக்கும் பீரோவுக்கும் நடுவில் எப்படியோ இடம் பிடித்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? ‘எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை’ என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அண்ணே, அந்த வீட்டைக் கட்டி முடிச்ச அன்னைக்குக் கால் வைக்க இடம் இருந்ததா, இல்லையா? கிரகப்பிரவேசத்துக்கு ஐம்பது பேர் வந்து, பந்தியிலே உட்கார்ந்து சாப்பிட்டாங்களா, இல்லையா? அன்றைக்கு இருந்த சுவர் இன்றைக்கு நாலு அடி உள்ளே நகர்ந்து வந்துவிட்டதா? (சிரிப்பு) சுவர் நகரவில்லை, நடுவர் அவர்களே! சாமான் நுழைந்தது! (கைதட்டல்)

சின்ன இடத்தில் எப்படி வாழ்வது என்று காரைக்காலுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம்ம மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். வடக்கே போனால் தமிழ்நாடு. மேற்கே போனால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், மறுபடியும் தமிழ்நாடு. கிழக்கே போகலாம் என்றால் கடல். 1739-இல் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவோடு வந்து சேர்ந்த ஊர் இது. இவ்வளவு சின்ன ஊருக்குள்ளே என்ன இல்லை? அம்மையார் கோயில் இருக்கிறது. மஸ்தான் சாகிப் தர்கா இருக்கிறது. தேற்றரவு அன்னை ஆலயம் இருக்கிறது. வயல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் எல்லாம் ‘வராதே, வராதே’ என்று கும்பிடுகிற சனி பகவானுக்கே திருநள்ளாற்றில் இடம் கொடுத்திருக்கிறோம், ஐயா! (சிரிப்பு, கைதட்டல்) யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை. இடம் என்பது அளவில் மட்டும் இல்லை. ஒழுங்கிலே இருக்கிறது. அந்த ஒழுங்கைக் குலைப்பது எது? ஆசை!

ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. வீதியிலே சுவாமி வரும்போது மாடியிலிருந்தும் வீட்டு வாசலிலிருந்தும் மாம்பழத்தை இறைக்கிறார்கள். பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். வருஷம் 365 நாளில் நம்ம ஜனங்கள் வீட்டில் இருப்பதைத் தாங்களாகவே வெளியே வீசுவது அந்த ஒரு நாள்தான்! (பலத்த சிரிப்பு) மற்ற 364 நாளும் எல்லாம் உள்ளேதான் போகும், வெளியே வராது!

அந்தத் திருவிழாவுக்குக் காரணமான கதை என்ன? புனிதவதியார் வீட்டில் இருந்தது இரண்டே மாம்பழம். பெரியபுராணம் சொல்கிறது. கணவன் பரமதத்தன் பெரிய வணிகன். செல்வத்துக்குக் குறைவில்லை. பசியோடு ஓர் அடியார் வந்தார். ‘இது அவருக்கு வைத்தது, அது நாளைக்கு வைத்தது’ என்று அந்த அம்மா எடுத்து ஒளிக்கவில்லை. இருந்ததில் ஒன்றை எடுத்து இலையில் வைத்துவிட்டார். அந்த ஊரில் பிறந்த நாம், காலி மிக்ஸிப் பெட்டியை எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறோம்! (கைதட்டல்) ‘எதுக்குடி வச்சிருக்கே?’ என்றால், ‘ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போகணும்னா வேணும்ல?’ மிக்ஸி செத்து மூன்று வருஷம் ஆச்சு. பெட்டி உயிரோடு இருக்கிறது! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் ஒரு வாதம் வைத்தார். ‘அந்தக் காலத்து வீடு பெரிசு, அதனால் இடம் இருந்தது’ என்றார். நடுவர் அவர்களே, எல்லா வீடும் பெரிசா? திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று நீண்ட வீடு மிராசுதார் வீடு. மற்றவர்களுக்கு ஒரு கூடம், ஒரு அடுக்களை, மேலே கீற்று. அவ்வளவுதான். அதிலே பத்துப் பேர். எப்படி இருந்தார்கள்? யோசித்துப் பாருங்கள். படுக்கை எங்கே? பாய். காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறை கூடம் ஆகிவிடும். தலைவாழை இலை போட்டால் அதே கூடம் சாப்பாட்டு அறை. சேலையில் தூளி கட்டினால் அதே கூடம் பிள்ளை வளர்க்கிற அறை. தயிரும் வெண்ணெயும் எங்கே? உறியிலே, ஆகாயத்திலே! பூனைக்கும் எட்டாது, பிள்ளைக்கும் எட்டாது. விளக்கு எங்கே? சுவரைக் குடைந்த மாடக்குழியிலே. துணி எங்கே? கொடியிலே. பானைக்கு மேலே பானை, அதுக்கு மேலே பானை, அடுக்குப்பானை. தரையிலே பிடித்த இடம் ஒரு பானைக்குத்தான். அவர்கள் இடத்தைத் தரையில் மட்டும் தேடவில்லை. சுவரில் தேடினார்கள், உத்தரத்தில் தேடினார்கள்.

இன்னொன்று சொல்கிறேன். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று ஒரு பழமொழி உண்டு. கடன்காரன் வந்தான். அப்பன் நெல் குதிருக்குள்ளே போய் ஒளிந்துகொண்டான். பிள்ளையிடம், ‘அப்பா இல்லைன்னு சொல்லுடா’ என்றான். பிள்ளை வெளியே வந்து என்ன சொன்னான்? ‘எங்கப்பன் குதிருக்குள்ளே இல்லை!’ (சிரிப்பு) எல்லோரும் அந்தப் பிள்ளையின் அசட்டுத்தனத்தைப் பார்க்கிறோம். நான் குதிரைப் பார்க்கிறேன். ஒரு ஆளே உள்ளே ஒளிந்துகொள்கிற அளவுக்கு ஒரு சாமான் வீட்டுக்குள் நிற்கிறது. அப்போதும் அந்த வீட்டில் ‘இடம் போதவில்லை’ என்ற பேச்சு வரவில்லை. இந்தக் காலத்து வீட்டிலே கடன்காரன் வந்தால் அப்பன் எங்கே ஒளிவான்? பரண் மேலே இடமில்லை. கட்டிலுக்கு அடியில் இடமில்லை. பீரோவுக்குள்ளே சேலை. பேசாமல் கடனைக் கட்டிவிட வேண்டியதுதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஏன் அந்தக் குதிர் பாரமாகத் தெரியவில்லை? அறுப்பு முடிந்தால் நிறையும்; அடுத்த அறுப்புக்குள் காலியாகும். டெல்டாவிலே பத்தாயம் பார்த்திருப்பீர்கள். மரத்தாலே செய்தது. நெல்லை மேலே கொட்டுவார்கள். எடுப்பது எங்கே? அடியிலே ஒரு சின்ன வாய் இருக்கும். அதைத் திறந்தால் நெல் சரியும். மேலே போட்டு, கீழே எடுத்தால் என்ன அர்த்தம்? முதலில் போனது முதலில் வெளியே வரும். பழசு தேங்காது. நம்ம வீட்டுப் பரணை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் ஏற்றுகிறோம், முன்பக்கமே இறக்குகிறோம். அப்படியானால் முதலில் போனது என்ன ஆகும்? பின் சுவரோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும்! பத்தாயத்துக்கு இரண்டு வாய். பரணுக்கு ஒரே வாய். நம்ம ஆசைக்கோ, போட வாய் உண்டு, எடுக்க வாயே கிடையாது! (கைதட்டல்)

‘சமையலறை சின்னதாகிவிட்டது’ என்று அந்த அணியிலே பேசிய தங்கை கண் கலங்கினாள். தங்கச்சி, ஒரு செய்தி கேள். ஜெர்மனியிலே பிராங்க்பர்ட் நகரம். முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். தொழிலாளிகளுக்குப் புதுக் குடியிருப்பு கட்டினார்கள். 1926-இல் ஒரு பெண், மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலை நிபுணர், அதற்காகச் சமையலறை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம்ம கணக்கிலே ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறதே, அதன் சமையலறையைப் பார்த்துப் பாடம் எடுத்துக்கொண்டார். அடுப்பிலிருந்து தண்ணீருக்கு எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்தார். அரிசிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று பெயர் எழுதின சின்னச் சின்ன அலுமினிய இழுப்பறை வரிசையாக வைத்தார். உலகம் முழுக்க இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று லட்சக்கணக்கில் பணம் வாங்குகிறார்களே, அதற்குப் பாட்டி அந்தச் சமையலறைதான். சுமார் 10,000 வீடுகளில் அதை வைத்தார்கள்.

இதைப் படித்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய் எங்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்! கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுத்தம்பருப்பு. ஒரு கைக்குள் ஐந்து சாமான். தாளிக்கிற நேரத்தில் ஒரு அடிகூட நகர வேண்டாம். அந்த ஜெர்மனிச் சமையலறையின் தத்துவம் எங்கள் பாட்டி கையிலே ஒரு மரப்பெட்டியாக இருந்தது! (பலத்த கைதட்டல்) தங்கச்சி, சமையலறை சின்னதாவது குறையில்லை. பதினோரு அடிச் சமையலறையில் நான்கு பிளாஸ்க், மூன்று குக்கர், விழாவுக்கு விழா வந்த இருபத்திரண்டு எவர்சில்வர் சம்புடம் வைத்தால், சமையல்காரி எங்கே நிற்பாள்? வாசலில்தான் நிற்க வேண்டும்!

நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் பிரான்சிலே இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்திலே சொல்தாவாக இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த நாட்டிலே 2002-ஆம் ஆண்டு ஒரு விதி போட்டார்கள். ஒரு வீடு குடியிருக்கத் தகுந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதில் ஓர் அறையாவது குறைந்தது 9 சதுர மீட்டர், 2.20 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 கன மீட்டர் கொள்ளளவாவது இருக்க வேண்டும். 9 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 97 சதுர அடி. கவனியுங்கள், கொள்ளளவு என்று ஒரு கணக்கு! உறி கட்டின நம்ம பாட்டிக்குத் தெரிந்த கணக்கு அது. பாரிசிலே எங்கள் சித்தப்பா மகன் அப்படி ஒரு சின்ன அறையில்தான் நாலு வருஷம் இருந்தான். மடக்குகிற கட்டில், மடக்குகிற மேஜை. ‘எப்படிடா இருக்கே?’ என்று கேட்டேன். ‘அக்கா, ஒரு சட்டை வாங்கணும்னா, எந்தச் சட்டையை வெளியே அனுப்பறதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் கடைக்குப் போவேன்’ என்றான். அவனே ஊருக்கு வந்து மூன்று படுக்கையறை வீடு கட்டினான். போன வருஷம் போனேன். ‘அக்கா, இடமே போதலை’ என்கிறான்! (பலத்த சிரிப்பு) அதே ஆள், நடுவர் அவர்களே. வீடு பத்து மடங்கு பெருத்தது. ஆசை இருபது மடங்கு பெருத்தது!

(மணி ஒலிக்கிறது.) ஐயா, மணி அடிக்கிறீங்க. அந்த மணியை வைக்கவாவது உங்க மேஜையில் இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள். (சிரிப்பு)

இப்போது நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வீடே சிறியதாக இருப்பதால் இடம் போதாமல் தவிக்கிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26. இந்தத் தேதியைக் காரைக்காலுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டாம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று நம்ம கரையோரம் முழுக்கச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு இந்தக் கடற்கரையிலே புது வீடுகள் வந்தன. பக்கத்து நாகை மாவட்டத்தில் 300 முதல் 325 சதுர அடி. கான்கிரீட் வீடு, உறுதியான வீடு. ஆனால் மீன்பிடிக்கிறவர் வீட்டில் வலை இருக்கும், ஐஸ் பெட்டி இருக்கும், மீன் விற்கப் போகிற அம்மாவின் அன்னக்கூடை இருக்கும். ஈர வலையைக் கட்டில் மேலேயா காய வைப்பது? அந்தக் குடும்பத்துக்குப் போய், ‘அம்மா, ஆசையைக் குறைத்துக்கொள்’ என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அவர்களுக்கு வேண்டியது இடம்தான். அதை எதிரணிக்கு நான் முழு மனதோடு கொடுத்துவிடுகிறேன். (கைதட்டல்)

ஆனால், அதே சுனாமி நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் மலை மலையாகத் துணி கிடந்தது. எல்லாம் வெளியூரிலிருந்து உதவியாக வந்த பழந்துணி. கிழிந்தது, சாயம் போனது, பொத்தான் இல்லாதது. எல்லாவற்றையும் இழந்து நின்ற அந்த ஜனங்கள் அதைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? கடலுக்குப் போய்ச் சொந்தக் கையால் சம்பாதித்தவர்கள் அவர்கள். நல்ல மனதோடு புதுத் துணி அனுப்பியவர்கள் உண்டு, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கிழிசல் எங்கேயிருந்து வந்தது? நம்ம பீரோவிலிருந்து! அது நன்றாக இருந்த காலத்தில் கொடுக்க மனம் வந்ததா? இல்லை. வைத்திருந்து, வைத்திருந்து, மக்கிப்போன பிறகு கொடுத்தோம். நளதீர்த்தத்திலே குளித்துவிட்டுப் பழைய துணியை விட்டுவிட்டு வருகிற வழக்கம் இருக்கிறதே! ‘குளத்தில் போடாதீர்கள்’ என்று சொன்னாலும் கேட்காமல் போடுகிறார்கள். சனி பிடித்தால்தான் நமக்கு ஒரு பழைய சட்டையையே விட மனசு வரும் போலிருக்கிறது! (சிரிப்பு) இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பொருள் சும்மா கிடந்தால், வீணாவது நம்ம இடம் மட்டும் இல்லை. அந்தப் பொருள் இன்னொருவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய காலமும் வீணாகிறது.

ஊரைச் சொல்லிவிட்டேன். இனி என் வீட்டைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் யோக்கியம் இல்லை.

நான் கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். 2009-இல் வீடு கட்டினோம். 900 சதுர அடி. கட்டும்போதே எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: ‘பின்னாலே பத்துக்குப் பத்து ஒரு அறை, அம்மாவுக்கு.’ எங்கள் அத்தை நெடுங்காடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தார்கள். என்ன கொண்டுவந்தார்கள்? ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், மாமா படுத்திருந்த ஓர் இரும்புக் கட்டில். அவ்வளவுதான்.

முதல் வருஷம், ‘அத்தை, இந்த அட்டைப்பெட்டி ரெண்டு நாளைக்கு இங்கே இருக்கட்டும்’ என்றேன். ‘இருக்கட்டும்மா’ என்றார்கள். புது டிவி வந்தது. பழைய டிவி அத்தை அறைக்குப் போனது. பையனுக்கு வண்டி வந்தது; சைக்கிள் அத்தை அறைக்குப் போனது. பெண் கல்யாணத்தில் மிஞ்சின பாத்திரம், பழைய மெத்தை, ஓடாத மின்விசிறி, எல்லாம் அந்த அறைக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் ‘இருக்கட்டும்மா’. 2014 மழைக்காலத்திலே அத்தையின் கட்டிலைப் பின்வாசல் நடையில் போட்டோம். ‘அத்தை, இங்கே காத்து நல்லா வரும்’ என்று சொன்னேன். சொன்னவள் வேறு யாரும் இல்லை, நான்தான். ஐப்பசி மாதம், நடுவர் அவர்களே. காற்று மட்டுமா வந்தது? சாரலும் வந்தது.

அடுத்த தை மாதம் பெரிய ஃபிரிட்ஜ் வாங்க ஆசைப்பட்டேன். இடம் வேண்டுமே! பழைய இரும்பு வாங்குகிற தம்பியைக் கூப்பிட்டேன். அந்த அறையிலிருந்த ஒவ்வொன்றையும் எடை போட்டான். மொத்தம் 1,340 ரூபாய். எங்கள் வீட்டுக்காரர் அப்போது ஒரு கணக்குப் போட்டார். வீடு கட்டினபோது கொத்தனார் சொன்ன கணக்கு சதுர அடிக்கு 1,000 ரூபாய். 100 சதுர அடிக்கு ஒரு லட்சம். ஒரு லட்ச ரூபாய் அறையிலே 1,340 ரூபாய்ச் சாமானைக் குடி வைத்திருக்கிறோம்!

அது பணக் கணக்கு. அதுகூடப் பரவாயில்லை. அந்தத் தம்பி கிளம்பும்போது நடையைப் பார்த்தான். கட்டில் மேலே ஒரு பழைய கம்பளி, பக்கத்தில் ரெண்டு மூட்டை. ‘அம்மா, அந்த இரும்புக் கட்டிலும் பழசுதானே? அதையும் போட்டுடறீங்களா?’ என்று கேட்டான். அத்தை கொல்லைப் படியிலே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள்: ‘எடுத்துக்கோ தம்பி. அதுல படுக்கிறதையும் சேர்த்து எடை போட்டுக்கோ. முப்பத்தெட்டு கிலோ தேறும்.’

(அரங்கில் அமைதி.)

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அந்தத் தம்பிதான் தராசைக் கீழே வைத்துவிட்டான். நான் உள்ளே போய்விட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த அறையைக் கழுவி, கட்டிலைத் திரும்ப உள்ளே போட்டோம். ‘அத்தை, இன்னும் என்ன வேணும்? ஒரு அலமாரி வாங்கட்டுமா?’ என்று கேட்டேன். குற்றம் செய்தவள் இல்லையா, எதையாவது வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறேன். அங்கேயும் வாங்குகிற புத்திதான்! அத்தை சுற்றிப் பார்த்தார்கள். ‘இங்கே ஒரு ஆணி அடிச்சுக் கொடும்மா, பையை மாட்டிக்கறேன்’ என்றார்கள். ஒரே ஒரு ஆணி! அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்ட இடம். (நீண்ட கைதட்டல்)

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான்கு சட்டம் போட்டோம். எளிய சட்டம்தான், தாய்மார்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, பத்தாயச் சட்டம். பழையது முதலில் வெளியே வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, போகிக்கு முன்னால், பரணிலிருந்து எல்லாவற்றையும் தரைக்கு இறக்குவோம். ஒரு வருஷம் முழுக்கக் கை படாத பொருள் திரும்ப ஏறக்கூடாது. கொளுத்தக்கூடாது. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தினால் புகையைச் சாப்பிடுவது நம்ம பிள்ளைகள்தான். நல்லதாக இருக்கும்போதே, உபயோகப்படுகிறவர் யார் என்று விசாரித்து, அவருக்கு வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அஞ்சறைப் பெட்டிச் சட்டம். தினமும் எடுக்கிற பொருள் முழங்காலுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள உயரத்தில் இருக்க வேண்டும். கனமானது கீழே. எப்போதோ எடுப்பது மேலே. தினமும் வேண்டிய பருப்பு டப்பாவை எடுக்க ஸ்டூல் மேலே ஏறுகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற முறுக்கு உழக்கு கைக்கு எட்டுகிற இடத்தில் சிரிக்கிறது!

மூன்றாவது, நாடாச் சட்டம். வாங்குவதற்கு முன்னால் அளவு நாடா எடுத்து இடத்தை அள. பீரோ நிற்கிற இடம் மட்டும் போதாது. அதன் கதவு திறக்க இடம் வேண்டும், அதைத் திறக்கிற ஆள் நிற்க இடம் வேண்டும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அந்த ஃபிரிட்ஜை நான் இன்னும் வாங்கவில்லை!

நான்காவது, மழைச் சட்டம். இது டெல்டாவுக்கு என்றே. ஐப்பசி, கார்த்திகை நமக்குத் தெரியும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறினபோது நம்ம பக்கமும் உறக்கமில்லை. முக்கியமானது எதுவும் தரையில் இருக்கக்கூடாது. பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே உறையில், ஒரே பையில், இருட்டிலும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். சாமான் குவிந்த வீட்டிலே அந்தப் பையைத் தேடவே விடிந்துவிடும், ஐயா!

நடுவர் அவர்களே! இருக்க இடமே இல்லாதவர்களுக்கு வீடு பெரிதாகட்டும். அது அரசாங்கமும் சமுதாயமும் பட்ட கடமை. ஆனால் ‘இன்றைய வீடுகளில் இடம் போதவில்லை’ என்று தினமும் புலம்புகிறவர்கள் யார்? என்னைப் போன்ற 900 சதுர அடிக்காரர்கள்தான். எங்களுக்கு வீடு சிறுக்கவில்லை. நாங்கள் சாமானுக்கு ஓர் அறை ஒதுக்கிவிட்டு, பெற்றவளை நடையில் போட்டோம்.

அத்தை அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த அறையில் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு அந்தத் தகரப் பெட்டியைத் தவிர அங்கே நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை. இன்றைக்கு என் பேத்தி அங்கே பாய் விரித்துப் படிக்கிறாள். அந்த ஆணியில் அவளுடைய புத்தகப் பை தொங்குகிறது. பத்துக்குப் பத்து அறைதான். தாராளமாக இடம் இருக்கிறது.

ஆகவே, வீடுகளில் இடம் போதாமைக்குப் பெரிதும் காரணம் ஆசை பெருத்ததே, ஆசை பெருத்ததே என்று தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)